பட்டியலில் இருப்பது எந்த உரை?

இணையப் பக்கம் ஒன்றில் காய்கறிப் பட்டியல் இருக்கிறது. தக்காளி, சின்ன வெங்காயம், கொத்தமல்லி, கீரை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு வரி. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கரும்புள்ளி. இந்த நான்கு பெயர்களையும் எடுத்து ஜாவாஸ்கிரிப்ட் அணி ஒன்றுக்குள் போட வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரமே கொடுக்கிற வேலை இது. தெரிந்தவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆனால் அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தால், ‘பட்டியலில் உள்ள உரை’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது ஒன்றல்ல, மூன்று என்று தெரியவரும். கோப்பில் எழுதியிருப்பது ஒன்று. பிரவுசர் அதைப் படித்து நினைவகத்தில் கட்டி வைத்திருப்பது இன்னொன்று. திரையில் நம் கண்ணுக்குப் படுவது மூன்றாவது. பெரும்பாலும் மூன்றும் ஒத்துப்போகின்றன. அதனாலேயே, ஒத்துப்போகாத இடத்தில் என்ன கோளாறு என்று பிடிபடாமல் ராத்திரி முழுக்க உட்கார வேண்டிவருகிறது.

முதலில் கோப்பு. பட்டியலுக்கான டேக்குகளுக்கு ஏறக்குறைய வலையின் வயதுதான். டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது எழுதி வெளியிட்ட சின்னஞ்சிறு டேக் தொகுப்பிலேயே புள்ளிப் பட்டியலுக்கான யு.எல்., அதன் உறுப்புக்கான எல்.ஐ. இரண்டும் உண்டு. எண்ணிட்ட பட்டியலுக்கான ஓ.எல். அதற்குப் பிறகு வந்தது. எல்.ஐ.க்கு இன்றும் ஒரு சலுகை இருக்கிறது: திறந்ததை மூட வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த எல்.ஐ. வந்தாலோ பட்டியலே முடிந்தாலோ முந்தையது முடிந்துவிட்டது என்று பிரவுசர் தானே எடுத்துக்கொள்ளும். இது சோம்பேறிகளின் பிழை இல்லை, ஹெச்.டி.எம்.எல். விதியே அனுமதிக்கும் வழக்கம்.

கோப்பில் உள்ள எழுத்துகளையே ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டு வடிகட்டி, திறக்கும் டேக்கிலிருந்து மூடும் டேக் வரை உள்ளதை எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் முதலில் இடறுவார்கள். மூடும் டேக்கே இல்லாமல் இருக்கலாம். யாரோ ஒருவர் பழைய வரிகளைக் கமென்ட்டுக்குள் ஒளித்து வைத்திருப்பார். திரையில் இல்லாத அந்த வரிகளும் வலையில் மாட்டும். ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல் இருந்தாலோ, எந்த மூடும் டேக் எதற்குரியது என்று எண்ணிப் பார்க்க ரெகுலர் எக்ஸ்பிரஷனால் ஆகாது. பக்கம் வெறும் சரமாக மட்டும் கையில் கிடைத்திருந்தாலும் அதை டாம்பார்சரிடம் கொடுத்து மரமாக்கிக்கொள்வதுதான் முறை.

அந்த மரம்தான் இரண்டாவது உரை இருக்கும் இடம். பிரவுசர் கோப்பை எழுத்து எழுத்தாகப் படித்து, டேக்குகளை உறுப்புக் கணுக்களாகவும் இடையில் உள்ள எழுத்துகளை உரைக் கணுக்களாகவும் மாற்றிக் கிளை கிளையாகக் கோத்துவைக்கிறது. டாம் என்று சொல்வது இதைத்தான். நம் நான்கு வரிப் பட்டியலை ஒழுங்காக மூடும் டேக் போட்டு, வரிக்கு ஒரு உறுப்பாக எழுதியிருந்தால், யு.எல்.லின் சைல்ட்நோட்ஸ் எத்தனை? நான்கு இல்லை, ஒன்பது. உறுப்புகளுக்கு முன்னும் பின்னும் இடையிலும் என்டர் தட்டியதால் உண்டான ஐந்து வெற்றிடங்களும் உரைக் கணுக்களாக உட்கார்ந்திருக்கின்றன. அதே பட்டியலை மூடும் டேக் இல்லாமல் எழுதினால் கணக்கு ஐந்தாகிவிடும். காரணம், மூடாத எல்.ஐ. அடுத்து வரும் வரிமுறிவையும் தனக்குள் விழுங்கிக்கொள்கிறது. திரையில் இரண்டுக்கும் இம்மியளவும் வித்தியாசம் தெரியாது. சைல்ட்நோட்ஸை விட்டுவிட்டு சில்ட்ரன் என்று கேட்டால் இரண்டிலும் நான்கே வரும். அது உறுப்புக் கணுக்களை மட்டும் எண்ணும்.

இந்த மரத்தைத் தொடும் உரிமை ஜாவாஸ்கிரிப்டுக்குப் பிறக்கும்போதே கிடைத்துவிடவில்லை. 1995இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்பில் அந்த மொழியை உருவாக்கியபோது, பக்கத்தில் அதன் கைக்கு எட்டியவை படிவங்களும் இணைப்புகளும்தான். அடுத்த பதிப்பில் படங்கள் சேர்ந்தன. படிவத்தில் ஒருவர் தட்டிய பெயரைப் படிக்கலாம், ஆனால் பட்டியலில் பளிச்சென்று தெரியும் ‘தக்காளி’யைப் படிக்க வழி இல்லை. 1997இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 தன் சொந்த வழியில் பக்கம் முழுவதையும் திறந்துவிட்டது. 1998 அக்டோபரில் வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி டாம் முதல் நிலைத் தரத்தை வெளியிட்ட பிறகே எல்லோருக்கும் பொதுவான கதவு கிடைத்தது.

அந்தத் தரத்தின் ஒரு பழைய முடிவு இன்றும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களைக் குத்துகிறது. டாமை வடிவமைத்தவர்கள் அதை ஜாவாஸ்கிரிப்டுக்காக மட்டும் செய்யவில்லை. எந்த மொழியும் பயன்படுத்தலாம் என்று மொழி சாராத இடைமுக விவரிப்பில் எழுதி, ஜாவாவுக்கு ஒன்றும் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒன்றுமாக இணைப்பு கொடுத்தார்கள். அதனால் கணுக்களின் தொகுப்பு எந்த மொழியின் அணியாகவும் இல்லாமல் நோட்லிஸ்ட் என்ற தனிச் சாதியாகப் பிறந்தது. அதற்கு நீளம் உண்டு. மூன்றாவதைக் கொடு என்றால் கொடுக்கும். அணிக்கே உரிய மேப், ஃபில்டர் எதுவும் கிடையாது. ஃபார்ஈச் போன்ற ஒருசில மட்டும் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டன. கன்சோலில் பார்த்தால் அணி மாதிரியே சதுர அடைப்புக்குறிக்குள் வந்து நிற்கும். அதை நம்பி மேப் என்று அழைத்தால், அப்படி ஒரு செயலே இல்லை என்று பிழை வரும்.

ஆகவே எடுப்பது ஒரு வேலை, அணியாக்குவது இன்னொரு வேலை. முன்பெல்லாம் அணியின் ஸ்லைஸ் செயலைக் கடன் வாங்கி நோட்லிஸ்ட்மீது ஓட்டுவார்கள்; இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரை அதுவும் பலிக்காது, சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி இந்த வலியை மூடி மறைத்தது. அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். 2015இல் வந்த மொழித் தரம் அரே.ஃப்ரம் என்ற செயலைக் கொண்டுவந்ததோடு இந்தப் பாடு தீர்ந்தது. முதல் இடத்தில் தொகுப்பைக் கொடுக்கலாம், இரண்டாவது இடத்தில் ஒவ்வொரு உறுப்பையும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லலாம். ஆரம்பத்தில் சொன்ன ஒரு வரி இதுதான்: குவெரிசெலக்டர்ஆல் கொண்டு எல்லா எல்.ஐ.யையும் பிடி, அரே.ஃப்ரம்முக்குக் கொடு, ஒவ்வொன்றிலிருந்தும் டெக்ஸ்ட்கன்டென்ட்டை எடுத்து டிரிம் செய். (அந்த அணிக்குக் ‘காய்கறிகள்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் மறுக்காது, மாறிப் பெயர்களில் யூனிகோட் எழுத்துகளை, புள்ளியும் கொம்பும் காலும் உட்பட, அது ஏற்றுக்கொள்ளும். அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்கள் ஏற்பார்களா என்பது வேறு விஷயம்.)

குவெரிசெலக்டர்ஆல் என்று குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு மூத்தது கெட்எலிமென்ட்ஸ்பைடேக்நேம். அதுவும் எல்.ஐ.க்களைத் தரும், ஆனால் அது தருவது உயிருள்ள தொகுப்பு: மரம் மாறினால் தொகுப்பும் அந்த நொடியே மாறும். ஆறு உறுப்புகள் உள்ள பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டே போய் ஒவ்வொன்றாக நீக்குகிறோம். முதலாவதை நீக்கியதும் மீதி ஐந்தும் ஒரு படி முன்னே நகர்ந்துவிடும். அடுத்து ‘ஒன்று’ என்ற இடத்தில் இருப்பது பழைய மூன்றாவது, அது போகும். பிறகு பழைய ஐந்தாவது. எண்ணி மூன்று சுற்றோடு லூப் நின்றுவிடும். இரண்டும் நான்கும் ஆறும் அப்படியே பக்கத்தில் இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதையே திருப்பி, தொகுப்பில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய எல்.ஐ. சேர்க்கச் சொன்னால் லூப் முடியவே முடியாது. நீளம் நம்மோடு போட்டி போட்டுக்கொண்டு வளரும், டேப் உறைந்து நிற்கும். குவெரிசெலக்டர்ஆல் தருவது, கேட்ட கணத்தில் எடுத்து உறையவைத்த தொகுப்பு. உரையை எடுக்க மட்டும் வந்தவருக்கு அதுவே போதும்.

இனி மூன்றாவது உரைக்கு, அதாவது திரைக்கு வருவோம். ஒரு உறுப்பிடம் ‘உன் உரை என்ன’ என்று கேட்க இரண்டு பண்புகள் போட்டி போடுகின்றன. டெக்ஸ்ட்கன்டென்ட் மரத்தைக் கேட்கும். இன்னர்டெக்ஸ்ட் திரையைக் கேட்கும். முதலாவது 2004இல் டாம் மூன்றாம் நிலைத் தரத்தில் வந்தது. இரண்டாவது மைக்ரோசாஃப்ட் தன் பிரவுசருக்காகச் செய்துகொண்டது. ஃபயர்ஃபாக்ஸ் அதை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்து 2016இல்தான் உள்ளே விட்டது.

டெக்ஸ்ட்கன்டென்ட் செய்வது எளிய வேலை. உறுப்புக்குக் கீழே உள்ள எல்லா உரைக் கணுக்களையும் மர வரிசைப்படி ஒன்றோடொன்று ஒட்டித் தருகிறது, அவ்வளவுதான். மறைத்து வைத்திருந்தாலும் தரும், நடுவில் இருக்கும் ஸ்கிரிப்டின் நிரலையும் சேர்த்தே தரும். ‘சின்ன வெங்காயம்’ என்பதைக் கோப்பில் இரண்டு வரியாக உடைத்து எழுதியிருந்தால் அந்த வரிமுறிவும் அதன்பின் உள்ள எட்டு ஸ்பேஸும் நடுவில் அப்படியே இருக்கும். டிரிம் ஓரங்களைத்தான் வெட்டும். நடுவில் உள்ள வெற்றிடத்தை ஒற்றை ஸ்பேஸாகச் சுருக்க நாமே ஒரு வரி எழுத வேண்டும். ஒட்டுவதிலும் அதற்கு விவஸ்தை இல்லை. எல்.ஐ.க்குள் பெயருக்கு ஒரு ஸ்பான், விலைக்கு ஒரு ஸ்பான் வைத்து, நடுவில் இடைவெளியை சி.எஸ்.எஸ். மூலம் கொடுத்திருந்தால், கண்ணுக்குத் தக்காளியும் நாற்பது ரூபாயும் விலகித்தான் தெரியும். டெக்ஸ்ட்கன்டென்ட்டிடம் கேட்டால் ‘தக்காளி40 ரூபாய்’ என்று ஒரே மூச்சில் சொல்லும். வரியை முறிக்கும் பி.ஆர். டேக்கும் அதன் கணக்கில் சுழிதான்.

இன்னர்டெக்ஸ்ட் அப்படி இல்லை. வெற்றிடத்தைத் திரையில் உள்ளபடி சுருக்கும், பி.ஆர். இருந்தால் வரியை முறிக்கும், மறைந்திருப்பதை விட்டுவிடும். ஆங்கில எழுத்துகளை சி.எஸ்.எஸ். பெரிய எழுத்தாகக் காட்டினால் இதுவும் பெரிய எழுத்தாகவே தரும். இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. திரையில் எது எப்படி இருக்கிறது என்று தெரிய, பிரவுசர் தள வடிவமைப்பை அந்தக் கணத்தில் கணக்கிட்டு முடித்தாக வேண்டும். லூப்புக்குள் ஒவ்வொரு உறுப்பிலும் எதையோ மாற்றி, உடனே அதன் இன்னர்டெக்ஸ்ட்டைக் கேட்டால் அந்தக் கணக்கு ஆயிரம் முறை நடக்கும்.

இன்னர்டெக்ஸ்ட்டிடம் ஒரு விசித்திரமும் உண்டு. பட்டியலில் ஒரு எல்.ஐ.யை மட்டும் டிஸ்ப்ளே நன் என்று மறைத்துவிட்டு யு.எல்.லிடம் கேளுங்கள், மறைந்தது வராது. சரி, அந்த எல்.ஐ.யிடமே நேரடியாகக் கேட்டால்? முழு உரையும் வந்துவிழும். தானே திரையில் இல்லாத உறுப்பு என்றால் டெக்ஸ்ட்கன்டென்ட் தருவதையே தந்துவிடு என்பது விதி. மறைந்திருக்கும் வரிகளைத் தவிர்க்கவென்றே இன்னர்டெக்ஸ்ட்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு எல்.ஐ.யாகக் கேட்டு அணி கட்டுபவர், தவிர்க்க நினைத்ததையே சேர்த்துக்கொள்வார். என் வழக்கம், டெக்ஸ்ட்கன்டென்ட்டை எடுத்து, வேண்டாததை வெளிப்படையாக நானே வடிகட்டுவது. பயனர் திரையில் பார்த்ததை அப்படியே நகலெடுத்துத் தர வேண்டிய இடத்தில் மட்டும் மற்றது.

இன்னர்ஹெச்டிஎம்எல் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறதே என்று கேட்கலாம். அது உரை அல்ல, மார்க்கப். உள்ளே தடித்த எழுத்து இருந்தால் அதன் டேக்கும் சேர்ந்து வரும்; ‘மிளகு & சீரகம்’ என்பதில் உள்ள அந்தக் குறி, ஏ.எம்.பி. என்ற எழுத்துகளும் அரைப்புள்ளியும் வால்போலத் தொங்க வரும்.

எல்லாவற்றையும்விட அதிகமாகக் கையைச் சுடுவது பட்டியலுக்குள் பட்டியல். நம் நான்காவது வரியான கீரைக்குக் கீழே அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை என்று உள்பட்டியல் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். அந்த யு.எல். கீரைக்கு உரிய எல்.ஐ.யின் உள்ளேதான் இருக்கும். இப்போது எல்லா எல்.ஐ.யையும் கேட்டால் ஏழு வரும். நான்காவதன் உரை ‘கீரை’ மட்டுமல்ல. மூன்று கீரைகளின் பெயரும் வரிமுறிவுகளோடு அதிலேயே தொங்கும். ஐந்து, ஆறு, ஏழாவது இடங்களில் அதே மூன்றும் மறுபடி வரும். வெளிப்பட்டியல் மட்டும் போதும் என்றால் யு.எல்.லின் சில்ட்ரனை எடுக்க வேண்டும். அப்போதும் நான்காவதில் உள்பட்டியலின் உரை ஒட்டிக்கொண்டிருக்கும். ‘கீரை’ என்ற சொல்லை மட்டும் பிரிக்க, அந்த எல்.ஐ.யின் சைல்ட்நோட்ஸில் நோட்டைப் 3 ஆக இருப்பவற்றை, அதாவது உரைக் கணுக்களை மட்டும், பொறுக்கி ஒட்ட வேண்டும். முதல் குழந்தையை எடுத்தால் போதாதா என்றால், யாராவது ‘கீரை’க்கு முன்னால் ஒரு படத்தையோ கமென்ட்டையோ வைக்கும் வரை போதும்.

எண்ணிட்ட பட்டியலில் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. திரையில் 1, 2, 3 என்று தெரிகிறது. அணியில் எண்ணே இருக்காது. கரும்புள்ளியும் அப்படியே. அவை மரத்தில் இல்லை, சி.எஸ்.எஸ். வரையும் மார்க்கர் அவை. டெக்ஸ்ட்கன்டென்ட்டுக்கும் இன்னர்டெக்ஸ்ட்டுக்கும் எட்டாது. லிஸ்ட் ஸ்டைலில் தமிழ் என்று கொடுத்தால் பிரவுசர் ௧, ௨, ௩ என்று போட்டுக் காட்டும் (பத்துக்கு ௰ வராது, இடமதிப்பு முறைப்படி ௧௦ என்றே வரும்). அதுவும் வெறும் வரைதல்தான். எல்.ஐ.யின் வேல்யூ பண்பைக் கேட்டாலும், பக்கத்தை எழுதியவர் கையால் கொடுத்திருந்தால் ஒழிய, பூஜ்யம் என்றே பதில் வரும். எண் வேண்டுமென்றால் அணியின் சுட்டெண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பட்டியல் வேறு எண்ணிலிருந்து தொடங்கினால் ஓ.எல்.லின் ஸ்டார்ட் பண்பையும் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக எழுதியும் அணி காலியாக வருகிறதா? நிரல் முந்திக்கொண்டது. பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள ஸ்கிரிப்ட் ஓடும்போது கீழே உள்ள பட்டியல் இன்னும் படிக்கப்பட்டே இருக்காது. குவெரிசெலக்டர்ஆல் அதற்காக முறையிடாது. பூஜ்ய நீளத் தொகுப்பைத் தந்துவிட்டுப் போய்விடும். டிஃபர் சேர்த்தால் தீரும். பட்டியலே சர்வரிலிருந்து பிறகு வந்து நிரம்புவதாக இருந்தால் டிஃபரும் உதவாது, மியூட்டேஷன் அப்சர்வரை வைத்துக் காத்திருக்க வேண்டும்.

அணி கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பட்டியல் என்றால் வேலை அத்தோடு முடியாது. வேர்டிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். டிரிம் சாதாரண ஸ்பேஸையும் உடையாத ஸ்பேஸையும் ஓரத்திலிருந்து நீக்கும். பூஜ்ய அகல ஸ்பேஸை அது வெற்றிடமாகவே மதிப்பதில்லை.

அடுத்தது ‘கொத்தமல்லி’. இதில் உள்ள கொகரத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ‘ொ’ என்ற ஒற்றைக் குறியைச் சேர்க்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதல் வகையில் சொல்லின் நீளம் 10 என்று ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும், இரண்டாம் வகையில் 11. பள்ளிக்கூடத்துக் கணக்கில் அது ஆறெழுத்துச் சொல். ஒரே பட்டியலை இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் தட்டியிருந்தால், இந்தக் கொத்தமல்லியும் அந்தக் கொத்தமல்லியும் சமம் இல்லை என்று நிரல் சாதிக்கும்; தேடலில் பாதி காணாமல் போகும். அணியில் போடும்போதே நார்மலைஸ் செயலை என்.எஃப்.சி. முறையில் ஓட்டிவிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டும் பழக்கத்தை மட்டும் அது திருத்தாது. அது வேறு எழுத்து, தோற்றத்தில்தான் உறவு.

கடைசியில் வரிசை. அவரைக்காயும் அறுகம்புல்லும் உள்ள அணியை வெறும் சார்ட் கொண்டு அடுக்கினால் அறுகம்புல் முன்னால் வரும். நம் நெடுங்கணக்கில் வகரம் முன், றகரம் பின். ஆக அவரைக்காய்தான் முதலில் வர வேண்டும். சார்ட் பார்ப்பது நெடுங்கணக்கை அல்ல, யூனிகோட் எண்களை. அந்த எண்கள் இந்திய அரசின் இஸ்கி குறியீட்டிலிருந்து வந்தவை. எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அடுக்கு வேண்டும் என்று அதில் னகரத்தை நகரத்துக்குப் பக்கத்திலும், றகரத்தை ரகரத்துக்குப் பக்கத்திலும், ள, ழ இரண்டையும் லகரத்துக்குப் பக்கத்திலும் நெருக்கி உட்காரவைத்தார்கள். அதனால் நம் வரிசையின் வால்பகுதி அங்கே கலைந்து கிடக்கிறது. சார்ட்டுக்குள் லோகேல்கம்பேரைக் கொடுத்து, மொழி தமிழ் என்று டி.ஏ. குறியால் சொன்னால் அவரைக்காய் தன் இடத்துக்கு வந்துவிடும். பட்டியல் ஆயிரக்கணக்கில் நீண்டால் லோகேல்கம்பேரை ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் அழைப்பதைவிட, இன்டல்.கொலேட்டர் ஒன்றை முதலிலேயே செய்து வைத்துக்கொண்டு அதன் கம்பேரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது வேகமாக இருக்கும்.